படம் பாதி... டாக்டர் மீதி!

சினிமா போட்டு முடித்து, லைட் எரிந்ததும் சுகர் ஆராய்ச்சி பற்றி விஷயம் தெரிந்தவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? ஒரத்தநாடு பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஒரு ஐடியா!

‘கஜினி’ ரிலீஸான அடுத்த வருஷம். தஞ்சாவூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். “சூர்யா படத்துக்கு இன்ஸ்பிரேஷனே இந்த இங்கிலீஷ் படம்தான்டி” என்று ஒருத்தி ‘மெமன்டோ’ சிடியைக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு கம்ப்யூட்டர், பதினைந்து பேர், ரெண்டு பாக்கெட் மிக்சர். வார்டனுக்குத் தெரியாமல் நைட் ஷோ!

படம் பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. சத்தியமா ஒண்ணும் புரியலை. ஆனால், நடுவில் வரும் ஒரு கிளைக்கதை மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சாமி ஜான்கிஸ் என்று ஒரு மனிதர். புதிதாக நடக்கும் எதுவும் அவர் நினைவில் தங்காது. மனைவிக்கு சுகர். இன்சுலின் ஊசி போட்டுவிடுவது அவர்தான். கணவனுக்கு நிஜமாகவே மறதியா, நடிக்கிறானா என்று மனைவிக்கு ஒரு சந்தேகம். கடிகார முள்ளைப் பின்னால் திருப்பி வைத்துவிட்டு, ஊசி போடும் நேரமாகிவிட்டது என்கிறாள். போடுகிறார். திரும்பவும் முள்ளைத் திருப்பி, திரும்பவும் ஊசி. திரும்பவும் ஊசி. கடைசியில் அவள் கோமாவில் விழுந்துவிடுகிறாள்.

அந்த சீனில் என் ரூம்மேட் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே போய், “என்னடி ஆச்சு?” என்று கேட்டால், அழுகை. அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மண்பானையை எடுத்துக் காட்டினாள். ஊறுகாய்ப் பானை என்று ரெண்டு வருஷமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பானை. உள்ளே ஈர மணல், அதற்கு நடுவில் ஒரு டப்பா, டப்பாவுக்குள் இன்சுலின் பாட்டில்! “பதினோரு வயசுலேர்ந்து போட்டுக்கறேன்டி. வெளியில தெரிஞ்சா கல்யாணம் ஆகாதுன்னு அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க.”

படம் நின்றது. பதினைந்து பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். கேள்வி மேல் கேள்வி. நிறைய ஸ்வீட் சாப்பிட்டதால வந்துச்சா? ஒட்டிக்குமா? மாத்திரை போதாதா? குழந்தை பெத்துக்க முடியுமா? அந்தப் படத்துல வர்ற மாதிரி நீயும் செத்துப்போயிடுவியாடி?

ஒன்றுக்காவது எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கே பாதிக்குத்தான் தெரியும். ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். “எங்க ஊர்ல ஒருத்தர் வேர் குடுக்கறார், ஊசியையே நிறுத்திடலாம்” என்றாள் ஒருத்தி, ரொம்ப அக்கறையாக. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த ஒரு வரிதான். அதை அவள் கேட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு சினிமா, ரெண்டு வருஷ ரகசியத்தை அரை மணி நேரத்தில் உடைத்துவிட்டது. ஆனால், அதற்கு அப்புறம் பேசுவதற்கு ஒரு டாக்டர் அந்த ரூமில் இல்லை. இந்தக் கட்டுரையே அந்தக் காலி நாற்காலியைப் பற்றித்தான், ஃப்ரெண்ட்ஸ்!

தியேட்டரில் விஞ்ஞானி!

அந்த நாற்காலியில் ஆள் உட்கார வைக்கும் வேலையை அமெரிக்காவில் ஒரு தியேட்டர் செய்கிறது. மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் புரூக்லைன் என்ற ஊரில் இருக்கும் கூலிட்ஜ் கார்னர் தியேட்டர். 2005-ல் ‘சயின்ஸ் ஆன் ஸ்க்ரீன்’ என்று ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். ஒரு படம், ஒரு விஞ்ஞானி. பேய்ப் படமோ காமெடிப் படமோ, அதில் ஒளிந்திருக்கும் அறிவியலை எடுத்து ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி அவர் பேசுவார். டிக்கெட் வாங்கி வந்து கேட்கிறார்கள்! 2011-லிருந்து ஸ்லோன் அறக்கட்டளை உதவியோடு அந்த நாட்டின் மற்ற ஊர் தியேட்டர்களுக்கும் இது பரவியது.

நம்ம காலேஜில் டாகுமெண்டரி போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அட்டெண்டன்ஸ் எடுத்த அஞ்சாவது நிமிஷம் பின் கதவு வழியாக பாதி ஹால் காலி. டாக்டரைக் கூப்பிட்டு லெக்சர் வைத்தால் மீதி பாதியும் தூக்கம். ரெண்டும் தனித்தனியாக வந்தால் போர். சேர்ந்து வந்தால்தான் விஷயமே இருக்கிறது. படம் பார்த்தவனுக்குக் கேள்வி வரும். கேள்வி வந்தவனுக்கு லெக்சர் போர் அடிக்காது.

‘மெமன்டோ’வையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஹாஸ்டல் ரூமில் ஒரு டாக்டர் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். இன்சுலின் என்பது நம் கணையம் சுரக்கும் ஒரு ஹார்மோன். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை செல்களுக்குள் போகவிடும் சாவி. டைப்-1 என்ற வகையில், நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் தாக்கி, இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஸ்வீட் சாப்பிட்டதால் வருவது இல்லை. ஒட்டவும் ஒட்டாது. சாவி செய்கிற ஆலையே மூடிவிட்டதால் மாத்திரை மட்டும் போதாது, வெளியிலிருந்து இன்சுலின் வந்தே ஆகவேண்டும். நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. சுகரைக் கட்டுக்குள் வைத்து, டாக்டர் மேற்பார்வையில் இருந்தால் கல்யாணம், குழந்தை எல்லாம் தாராளமாக உண்டு.

படத்தில் அந்தப் பெண் ஏன் விழுந்தாள்? இன்சுலின் அளவுக்கு மேல் போனதால் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிட்டது. மூளைக்கு முக்கிய எரிபொருளே சர்க்கரைதான். அது கிடைக்காவிட்டால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், குழப்பம், கடைசியில் மயக்கம்.

இது உங்கள் கிளாஸில் நடக்கலாம். சுகர் இருக்கிற ஒரு ஃப்ரெண்ட் திடீரென்று வியர்த்து, சம்பந்தம் இல்லாமல் உளறினால் திட்டாதீர்கள், கிண்டல் அடிக்காதீர்கள். நினைவோடு இருந்தால் உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் குளுக்கோஸ். 15 நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. மயங்கி விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்கு போன் போடுங்கள்.

படம் நின்ன இடத்துலேர்ந்து...

சுகர் ஆராய்ச்சியைப் பற்றியே ஒரு முழு நீளப் படம் இருக்கிறது. பெயர் ‘தி ஹியூமன் ட்ரையல்’. 2022 ஜூனில் வெளிவந்த டாகுமெண்டரி. எடுத்தவர் லிசா ஹெப்னர். அவருக்கே டைப்-1 இருக்கிறது. அதனால் ஊசி, மானிட்டர் எல்லாம் அவருக்கு செட் ப்ராப்பர்ட்டி இல்லை, சொந்த வாழ்க்கை!

கதை இதுதான். சான் டியாகோவில் வியாசைட் என்று ஒரு கம்பெனி. கருவின் ஸ்டெம் செல்களிலிருந்து, இன்சுலின் சுரக்கக்கூடிய செல்களை லேபில் வளர்க்கிறார்கள். அதை ஒரு சின்னப் பைக்குள் அடைத்து நோயாளியின் தோலுக்கு அடியில் வைத்தால், அதுவே ஒரு குட்டிக் கணையமாக வேலை செய்யும் என்பது கனவு. இந்த சோதனைக்கு முதலில் உடம்பைக் கொடுத்த நோயாளிகளோடும், விஞ்ஞானிகளோடும் கேமரா வருஷக்கணக்கில் சுற்றுகிறது. பணம் தேடி அலைச்சல், எதிர்பார்ப்பு, ஏமாற்றம் என்று எல்லாம் படத்தில் உண்டு. உள்ளே வைத்த பையை உடம்பு வெளி ஆள் என்று நினைத்து, அதைச் சுற்றித் திசுவால் சுவர் கட்டிவிட்டது. செல்களுக்கு ரத்த ஓட்டம் போகவில்லை. ஹீரோ ஜெயிக்காத க்ளைமாக்ஸ்!

இந்தப் படத்தைப் போட்டுவிட்டு அப்படியே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? “ஸ்டெம் செல்லெல்லாம் சும்மா ரீல்” என்று பாதிப்பேர் போவார்கள். “இன்னும் ரெண்டு வருஷத்துல மருந்து வந்துடும்” என்று மீதிப்பேர் போவார்கள். ரெண்டுமே தப்பு.

ஏனென்றால், படம் ரிலீஸ் ஆன தேதியில் நின்றுவிடும். ஆராய்ச்சி நிற்காது. அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும். படம் வந்த அடுத்த மாதமே, 2022 ஜூலையில், வெர்டெக்ஸ் என்ற மருந்து கம்பெனி வியாசைட்டை 32 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே வெர்டெக்ஸ் தனியாகச் செய்துவந்த இன்னொரு ஸ்டெம் செல் சிகிச்சையின் முடிவுகள் 2025-ல் வெளிவந்தன. இதில் பை கிடையாது. செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாகவே செலுத்துகிறார்கள். முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை!

கைதட்டலாம்தான். ஆனால், நிபுணர் இன்னொரு வரியும் சொல்வார். அந்தச் செல்களை உடம்பு விரட்டாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அதனால் தொற்று நோய்கள் வரும் ஆபத்து கூடும். அடிக்கடி சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கிவிழும் நோயாளிகளுக்கு மட்டும்தான் இதைச் சோதித்திருக்கிறார்கள். டைப்-2 இருக்கிற உங்கள் அப்பாவுக்கு இல்லை.

இந்த ‘ஆனால்’ சினிமாவில் வராது. வாட்ஸ்அப் ஃபார்வேர்டில் நிச்சயம் வராது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கேட்டால்தான் வரும்.

ஒரத்தநாட்டில் ஏன்?

“இதெல்லாம் சென்னை, பெங்களூர்ல நடக்கும். நம்ம ஊர்ல யாரு வருவா?” என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மையில், இதற்கு ஒரத்தநாடு மாதிரி ஒரு ஊர் கிடைப்பது கஷ்டம். ஒரு பக்கம் கால்நடை மருத்துவக் கல்லூரி. இன்னொரு பக்கம் அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி. கொஞ்சம் தள்ளி ஈச்சங்கோட்டையில் வேளாண்மைக் கல்லூரி. பட்டுக்கோட்டை பஸ்ஸைத் தஞ்சாவூரில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரம்தான், அதனால் தஞ்சை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டர் வருவதும் பெரிய விஷயம் இல்லை. இந்த நாலும் ஒரே மேடையில் உட்கார்ந்தால் சுகர் கதை முழுசாகிவிடும். எப்படி?

முதல் நாற்காலி கால்நடைக் கல்லூரிக்கு. இன்சுலின் கதையே நாயிலிருந்துதான் ஆரம்பம். 1889-ல் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மிங்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இரண்டு பேர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்கு சுகர் வந்துவிட்டது. கணையத்தில் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் உறுதியானது. 1921 கோடையில் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களை வைத்தே அந்த ‘ஏதோ’வைப் பிரித்தெடுத்தார்கள். அப்புறம் கசாப்புக் கூடத்திலிருந்து கொண்டுவந்த மாட்டுக் கணையம்.

1922 ஜனவரி 11. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. சுத்தம் பத்தவில்லை, ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்ததுதான் மிச்சம். காலிப் என்ற வேதியியல் நிபுணர் ராத்திரி பகலாக உட்கார்ந்து மருந்தைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23-ம் தேதி மறுபடியும் ஊசி. பையன் பிழைத்துக்கொண்டான்! அதற்கு முன்னால் டைப்-1 வந்த குழந்தைகளுக்கு டாக்டர்கள் கொடுத்த ஒரே சிகிச்சை என்ன தெரியுமா? பட்டினி. எலும்பும் தோலுமாக இன்னும் சில மாதங்கள் கூடுதலாக வாழ்வார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கதையை ‘க்ளோரி இனஃப் ஃபார் ஆல்’ என்று 1988-ல் கனடாவில் டி.வி. படமாக எடுத்தார்கள். பான்டிங்குக்கும் அவருடைய பேராசிரியர் மெக்லியோடுக்கும் நடந்த ஈகோ சண்டையெல்லாம் அதில் உண்டு. நம்ம டிபார்ட்மென்ட் சண்டையெல்லாம் அதுக்கு முன்னாடி ஜுஜுபி! 1923-ல் நோபல் பரிசு அந்த ரெண்டு பேருக்கும் சேர்த்தே கிடைத்தது. “பெஸ்ட்டுக்கு இல்லையா?” என்று கொதித்த பான்டிங் தன் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மெக்லியோட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். மருந்துக்கான காப்புரிமையைத் தலைக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் படம் முடிந்ததும் கால்நடை மருத்துவர் மைக் பிடித்தால் சுவாரசியமாக இருக்கும். நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அச்சு அசல் ஒன்று. மனிதனுடையதற்கும் பன்றியுடையதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். மாட்டோடு ஒப்பிட்டால் மூன்று. அதனால்தான் 1982-ல் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வரும்வரை, பல பத்து வருஷங்கள் மாடும் பன்றியும்தான் நம் ஜனங்களைக் காப்பாற்றின. “அந்த நாய்களுக்கு என்ன ஆச்சு? அது நியாயமா?” என்று ஹாலிலிருந்து ஒருத்தர் கேட்கட்டும். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்ல, தினமும் நாயைத் தொட்டு வைத்தியம் பார்க்கிறவரைவிட யார் பொருத்தம்?

ரெண்டாவது நாற்காலி வேளாண்மைக் கல்லூரிக்கு. கல்லணைக் கால்வாய் தண்ணீரில் விளைகிற ஊர் இது. இங்கே சுகரைப் பற்றிப் பேசிவிட்டுச் சோற்றைப் பற்றிப் பேசாமல் எழுந்து போக முடியுமா? 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. தினமும் 450 கிராமுக்கு மேல் வெள்ளை அரிசிச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களைவிட சுகர் வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். நம் தெற்காசியாவை மட்டும் எடுத்தால் 61 சதவீதம்!

உடனே யாராவது எழுந்து, “எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான் தின்னார். அவருக்கு வரலையே?” என்று கேட்பார்கள். ஒரத்தநாட்டில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். தவிடு போகத் தீட்டிய அரிசிக்கும் கைக்குத்தல் அரிசிக்கும் உள்ள வித்தியாசம், நாற்றங்காலில் குனிந்து நிமிர்ந்த தாத்தாவுக்கும் நடவு மெஷினை வரப்பில் நின்று பார்க்கும் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசம், தாத்தா காலத்தில் ரத்தம் எடுத்துச் சோதித்ததே குறைவு என்ற உண்மை - இதையெல்லாம் வேளாண்மைக்காரரும் டாக்டரும் சேர்ந்து பிரித்து வைக்கலாம். தட்டில் சோற்றைக் குறைத்துக் காய், பருப்பைக் கூட்டுவது எப்படி என்றும் கேட்டுக்கொள்ளலாம். ‘சோறே தின்னாதே’ என்று டெல்டாவில் வந்து பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்!

மூணாவது நாற்காலி டாக்டருக்கு. நாலாவது நாற்காலி, சுகரோடு வாழும் ஒருவருக்கு. அவரே மனசார வந்தால் மட்டும். மகளிர் கல்லூரிக்கு மேடையில் நாற்காலி இல்லையே என்று கோபப்படாதீர்கள். ஹாலும் அவர்களுடையது, கேள்வியும் அவர்களுடையது. என் ரூம்மேட் மாதிரி பானையை ஒளித்துவைக்கும் பெண்கள் உட்கார்ந்திருப்பது அங்கேதானே?

இன்னொரு விஷயம். இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. சரபோஜி மன்னர் 1802-ல் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சாப்பாடு, படிப்பு, வைத்தியம் மூணையும் ஒரே கூரையின் கீழே வைத்த இடம். தஞ்சை சரஸ்வதி மகால் வெளியிட்ட ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ வரிசையில் நீரிழிவுக்கென்றே தனியாக ஒரு நூல் உண்டு. இரண்டு நூற்றாண்டுக்கு முன்னாலேயே இந்தச் சீமையில் சுகரைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாஸ்!

நம்ம ஆராய்ச்சி நம்மகிட்ட!

ஆராய்ச்சி என்றால் டொராண்டோவும் சான் டியாகோவும் மட்டும் இல்லை. டாக்டர் எம்.விஸ்வநாதன் சென்னை ராயபுரத்தில் சுகருக்கென்றே தனி ஆஸ்பத்திரி தொடங்கியது 1954-ல். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து வந்த ஆய்வுகளை உலகமே எடுத்துப் படிக்கிறது.

சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சுகரின் வாசலில் நிற்கும் 531 பேரை மூணு வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு சுகர் வந்துவிட்டது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று பழக்கத்தை மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

அதே குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மருந்தே எஸ்.எம்.எஸ்.! சுகரின் வாசலில் நின்ற 537 ஆண்கள். பாதிப்பேருக்கு மட்டும் ரெண்டு வருஷம், ‘நடங்க, எண்ணெயைக் குறைங்க’ என்கிற ரீதியில் தொடர்ந்து மெசேஜ் போனது. மெசேஜ் வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கு சுகர் வந்தது. மெசேஜ் வந்தவர்களில் 18 சதவீதம். நாம் ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் தட்டுகிற அதே மெசேஜ்தான்!

இதெல்லாம் எதற்கு என்றால், நிலைமை அப்படி. நாடு முழுக்க எடுத்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. இந்தியாவில் சுகர் இருப்பவர்கள் 10.1 கோடி. வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சுகர். கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரின் அப்பா, அம்மாவை எண்ணிப் பாருங்கள்.

இன்டர்வெல் விளையாட்டு: உங்க ஸ்கோர் என்ன?

சென்னை டாக்டர் வி.மோகன் குழு 2005-ல் உருவாக்கிய ரிஸ்க் ஸ்கோர் இது. ரத்தம் வேண்டாம், ஒரு இஞ்ச் டேப் போதும். டைப்-2-வுக்கு மட்டும்.

* வயசு: 35-க்குக் கீழே என்றால் 0. 35 முதல் 49 வரை 20. 50-க்கு மேல் 30.

* இடுப்புச் சுற்றளவு: பெண்கள் 80 செ.மீ.க்குக் கீழே 0, 80 முதல் 89 வரை 10, 90-க்கு மேல் 20. ஆண்கள் 90-க்குக் கீழே 0, 90 முதல் 99 வரை 10, 100-க்கு மேல் 20.

* உடல் உழைப்பு: உடற்பயிற்சியும் உண்டு, கடினமான வேலையும் உண்டு என்றால் 0. ரெண்டில் ஒன்று என்றால் 20. ரெண்டும் இல்லையென்றால் 30.

* குடும்பம்: அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சுகர் இல்லையென்றால் 0. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20.

60, அதற்கு மேல் என்றால் ரிஸ்க் அதிகம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 30 முதல் 50 வரை நடுத்தரம். 30-க்குக் கீழே குறைவு.

ஒரு கணக்கு. 20 வயசுப் பையன். வயசுக்கு முட்டை. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் சுகர், 20. தொப்பை 101 செ.மீ., 20. நாள் முழுக்க போன், 30. மொத்தம் 70! வயசும் அப்பா, அம்மாவும் நம் கையில் இல்லை. மீதி இருக்கும் 50 மார்க் நம் கையில்தான். இதில் மட்டும் மார்க் குறைய குறைய ஃபர்ஸ்ட் கிளாஸ்!

எப்படி நடத்துறது?

* தேதி: நவம்பர் 14. உலக நீரிழிவு தினம். பான்டிங் பிறந்த நாள் என்பதால் அந்தத் தேதி. நமக்குக் குழந்தைகள் தினமும் அதுதான். டைப்-1 பெரும்பாலும் குழந்தைகளையும் இளவட்டங்களையும் பிடிப்பதால் ரெண்டும் பொருந்திப்போகிறது.

* படம்: உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுதி அனுமதி வாங்குங்கள். திருட்டுக் காப்பி போட்டுவிட்டு ஒழுக்கம் பேசக் கூடாது. இங்கிலீஷ் படம் என்றால் முக்கியமான இடங்களில் நிறுத்தி, தமிழில் ரெண்டு வரி கதை சொல்ல ஒரு ஆளைப் போடுங்கள்.

* பேச்சாளர்: படத்தை முன்கூட்டியே அவர் பார்த்திருக்க வேண்டும். ‘பவர் பாயின்ட் கிடையாது சார், ஆளுக்குப் பத்து நிமிஷம்தான், மீதி எங்க கேள்வி’ என்று முதலிலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

* கேள்விச் சீட்டு: நுழையும்போதே ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பேர் எழுதவேண்டாம். மைக்கில் கேட்கமுடியாத கேள்விதான் நிஜமான கேள்வி.

* தவிர்க்க: மருந்துக் கம்பெனி ஸ்டால், ‘48 நாளில் சுகர் காலி’ ஆசாமி, சத்து மாவு ஸ்பான்சர். மூணு பேருக்கும் பெரிய கும்பிடு போட்டுவிடுங்கள்.

* முடிவில்: ‘சுகர் இருக்கிற ஃப்ரெண்ட் மயங்கினால் என்ன செய்வீர்கள்?’ இதை மட்டும் படத்துக்கு முன்னால் ஒரு தடவை, எல்லாம் முடிந்து ஒரு தடவை எழுதி வாங்குங்கள். வித்தியாசம் தெரிந்தால் உங்கள் நிகழ்ச்சி ஹிட்!

கடைசியாக, அந்த ரூம்மேட்டைக் கேட்கிறீர்களா? நன்றாக இருக்கிறாள். வேர் கொடுப்பவரிடம் போகவில்லை. பெண் பார்க்க வந்தவரிடம் முதல் நாளே பானையைக் காட்டிவிட்டாள். “இதுல என்னங்க இருக்கு?” என்று கேட்டவர், பதிலைக் கேட்டுவிட்டு, “எப்படிப் போடணும்னு எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றாராம். இப்போது ரெண்டு பிள்ளைகள். பானை போய் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுதும் முன்னால் போன் போட்டேன். “எழுதட்டுமாடி?” என்றேன். “தாராளமா எழுது. எந்தக் காலேஜ்லயாவது படம் போட்டா என்னைக் கூப்பிடச் சொல்லு. அந்த நாலாவது நாற்காலியில நான் உட்கார்றேன்” என்றாள்.

ஆள் ரெடி. ஹாலும் படமும் உங்கள் பொறுப்பு!